எண்ணக் கூடாத பை

அத்தியாயம் 11

புது மென்பொருள் திட்டத்துக்கு மாப்பிள்ளைதான் தலைமை என்று அப்பா சாப்பாட்டு மேஜையில் அறிவித்து இன்றோடு ஒன்பது வாரம். அன்றைக்குப் பெரியவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாள். சின்னவள் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தொடர்ந்து வருகிறவர்களுக்கு அது நினைவிருக்கும். இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்: இது மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் ஒரு குடும்பம். அப்பா முதலாளி, அவருக்கு இரண்டு மகள்கள், சின்னவளின் கணவர்தான் மாப்பிள்ளை, மகள்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சுவர்.

சுவர் என்றால் நிஜமான சுவர். தரையிலிருந்து கூரை வரை போகும். ஆறு துவைக்கும் இயந்திரங்கள் அதில் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவுகள். ஒன்று அழுக்குப் பக்கம் திறக்கும், மற்றது சுத்தப் பக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கவே திறக்காது. மருத்துவமனையிலிருந்து வரும் துணி இந்தக் கதவு வழியாக உள்ளே போய், வெந்நீரிலும் மருந்திலும் புரண்டு, அந்தக் கதவு வழியாக வெளியே வரும். துணி மட்டும்தான் இப்படி நேராகக் கடக்கலாம். மனிதர்கள் அழுக்கிலிருந்து சுத்தத்துக்கு வரவேண்டுமானால் குளித்து, தலை முதல் கால் வரை உடை மாற்ற வேண்டும். காற்றுக்குக்கூட அங்கே ஒருவழிப் பாதைதான். சுத்தப் பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்கு மட்டும் அது போகும்படி விசிறிகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

சுத்தப் பக்கம் சின்னவள் பொறுப்பு. அழுக்குப் பக்கம் பதினாறு வருஷமாகப் பெரியவள் பொறுப்பு.

யார் பார்க்க வந்தாலும் அப்பா சுத்தப் பக்கத்தை மட்டும்தான் காட்டுவார். மடித்து அடுக்கிய வெள்ளை விரிப்புகள், இஸ்திரி உருளையின் ஆவி, சோப்பு வாசனை. அதோடு வந்தவருக்கு ஒரு காபி கொடுத்து வாசல் வரை போய் அனுப்பிவிடுவார். "விருந்தாளியைக் கூட்டிக்கிட்டுப் போய்க் குப்பைத் தொட்டியையா காட்டுவாங்க?" என்பார் கேட்டால்.

இன்று புது மென்பொருள் ஓடத் தொடங்கும் நாள். கடையில் வாங்கிப் பொருத்திய சரக்கு அல்ல. இந்தத் தொழிற்கூடத்துக்கென்றே ஒரு நிறுவனம் எட்டு வாரம் உட்கார்ந்து கட்டிக் கொடுத்தது. எந்த மருத்துவமனையிலிருந்து எத்தனை விரிப்பு வந்தது, எது எந்த இயந்திரத்தில் சுற்றுகிறது, எப்போது திரும்பிப் போகும், எல்லாம் திரையில் தெரியும். தெரிவதோடு நிற்காது. இயந்திரங்களை ஓட்டுவதும் இனி அதுதான். அழுக்குப் பக்கத்தில் துணியை எண்ணித் திரையில் பதிந்தால்தான் இயந்திரம் சுழலவே தொடங்கும்.

காலை ஒன்பது மணிக்கு இன்டர்காமில் அப்பா கூப்பிட்டார்.

"பெரியவளே, குளிச்சுட்டு இந்தப் பக்கம் வா. போட்டோ எடுக்கணும்."

"முதல் வண்டி இப்பதாம்ப்பா வந்து நிக்குது. இறக்கிட்டு வரேன்."

"எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறோம். மாப்பிள்ளை எவ்வளவு நேரம் டேப்லெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பார்? நீ இல்லாம படம் எடுத்தா, பெரியவளுக்கு வயித்தெரிச்சல்னு ஊர் பேசும்."

எரிச்சல் இல்லாமல் இல்லை. அது வயிற்றில் இல்லை, கொஞ்சம் மேலே, நெஞ்சுக்குழியில் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு பெரியவள் கையுறையைக் கழற்றினாள்.

வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரை அங்கே எல்லோரும் வஸ்தாது என்பார்கள். தோளுக்கு ஒன்றாக இரண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு விசிலடித்தபடி நடப்பார். பெரியவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவருக்கும் அவள் அக்காதான். அழுக்குப் பக்கத்தில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது.

"அண்ணே, வெள்ளைப் பையை மட்டும் பிரிச்சு எண்ணுங்க. சிவப்பு இருந்தா ஓரமா வச்சிடுங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

"போய்ட்டு வாங்கக்கா. கொஞ்சம் சிரிச்சு நில்லுங்க. ரேஷன் கார்டு போட்டோ மாதிரி நிக்காதீங்க."

வெள்ளைப் பையும் சிவப்புப் பையும் வேறு வேறு. வெள்ளையில் சாதாரணத் துணி. பிரிக்கலாம், எண்ணலாம், ரகம் ரகமாகப் பிரித்துப் போடலாம். சிவப்பில் வருவது தொற்று நோயாளிகளின் துணி. சிவப்புப் பைக்குள்ளே கண்ணாடி போல மெல்லிய இன்னொரு பை இருக்கும். வெளிப்பையை அவிழ்த்து, உள்பையை முடிச்சோடு அப்படியே இயந்திரத்தில் போட்டுவிட வேண்டும். வெந்நீர் பட்டதும் அந்தப் பை தானாகக் கரைந்து போகும். துணியை மனிதக் கை தொடுவது சுத்தப் பக்கத்தில் வெளியே வந்த பிறகுதான். எண்ணுவதும் அப்போதுதான். யாரோ நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. பதினாறு வருஷத்தில் ஒரு சிவப்புப் பையின் உள்முடிச்சையும் பெரியவள் அவிழ்க்க விட்டதில்லை.

அவள் குளியலறையில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பன்னிரண்டு நிமிஷத்தில் அது நடந்தது.

ஆனால் அவளுக்கு அது தெரியாது. ஈரத் தலையோடு சுத்தப் பக்கம் வந்தபோது அப்பா ஆட்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். நடுவில் மாப்பிள்ளை, கையில் டேப்லெட். அவர் பக்கத்தில் சின்னவள். ஓரத்தில் மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த திட்ட மேலாளர். எப்போதும் நோட்டும் கையுமாக நிற்பதால் அந்த அம்மாவுக்கு இங்கே நோட்டு மேடம் என்று பெயர். பெரியவளுக்கு அந்தக் கோடியில், தூணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

"சிரிங்க," என்றான் கணக்குப் பிரிவுப் பையன், செல்போனைத் தூக்கிப் பிடித்து.

பெரியவள் சிரித்தாள். அதே நேரம் இன்டர்காம் அலறியது, அழுக்குப் பக்கத்து ஆள் ஒருவரின் குரலில்.

"அக்கா இருக்காங்களா? வஸ்தாதுக்கு ஊசி குத்திடுச்சு. சிவப்புப் பையில."

சுத்தத்திலிருந்து அழுக்குக்குப் போக ஒரு நிமிஷம் போதும். மேலங்கியை மாட்டினால் சரி. அவள் அதை ஓடிக்கொண்டே மாட்டினாள்.

வஸ்தாது குழாயடியில் நின்றிருந்தார். இடதுகைப் பெருவிரலை மற்ற கையால் இறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

"பிழியாதீங்கண்ணே. விடுங்க. சோப்புப் போட்டுத் தண்ணியை ஓட விடுங்க, அது போதும். பையை யார் பிரிக்கச் சொன்னது? நான் ஓரமா வைக்கச் சொல்லிட்டுத்தானே போனேன்?"

"வச்சேன்க்கா. வச்சா மத்த மெஷினும் ஓடலை. வண்டில வந்த எல்லாத்தையும் எண்ணிப் போட்டாத்தான் அடுத்த பக்கம் போவேன்னு அது அடம் பிடிக்குது. பாருங்க."

திரையில் சிவப்பு எழுத்து மினுக்கிக்கொண்டிருந்தது. *விரிப்பு எண்ணிக்கை தேவை. பூஜ்யம் ஏற்கப்படாது.*

"இன்டர்காம்ல உங்களைக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை சார் எடுத்து, நீங்க குளிக்கறீங்கன்னார். பை கட்டியிருக்கு சார், எண்ணக் கூடாதுன்னேன். பிரிச்சு எண்ணிப் போடுங்க, இன்னைக்கு ஒருநாள்தானே, அடுத்த வாரம் சரி பண்ணிடலாம்னார்." வஸ்தாது தண்ணீரில் விரலைத் திருப்பிப் பார்த்தார். "ஏழு விரிப்பு எண்ணினேன். எட்டாவதுல ஊசி."

எந்த வார்டிலோ, எந்த அவசரத்திலோ, யாரோ ஒரு நர்ஸ் விரிப்போடு சேர்த்துச் சுருட்டிவிட்ட ஊசி. இது உலகம் முழுக்க நடப்பதுதான். அதனால்தான் அந்தப் பையைப் பிரிக்கக் கூடாது.

மருத்துவமனையில் மருத்துவர் நிதானமாகப் பேசினார். ஊசியால் தொற்று ஏறியிருக்கலாம், மருந்து உடனே தொடங்க வேண்டும். இன்று ஒரு ரத்தப் பரிசோதனை, ஆறு வாரம் கழித்து ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று. கடைசிப் பரிசோதனை முடியும் வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் வஸ்தாது பெருவிரலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "மூணு மாசம்க்கா," என்றார். "வீட்டுல அவகிட்ட என்னன்னு சொல்லி மூணு மாசம் தள்ளிப் படுக்கறது? சின்னப் பேத்தி என் தட்டுலதான் சாப்பிடும்."

"தட்டுல ஒண்ணும் வராதுண்ணே. டாக்டர் சொன்னாரே."

"அவர் சொன்னார். எனக்கு மனசு வரணுமே."

பெரியவள் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகை இல்லை. பல் வலிக்கும் அளவுக்குத் தாடை இறுகியிருந்தது.

பகல் பன்னிரண்டரைக்கு அவள் அழுக்குப் பக்கம் போய் முதல் காரியமாக, கணினிக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே ஓடிய கம்பியைப் பிடுங்கினாள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பக்கவாட்டில் கையால் ஓட்டும் சாவி ஒன்று உண்டு. ஆறு சாவியையும் வரிசையாகத் திருப்பினாள். காலையிலிருந்து சும்மா நின்ற இயந்திரங்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

இன்டர்காமில் அப்பா கத்தியதை அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "சாயங்காலம் வந்து பேசறேன்ப்பா," என்று வைத்தாள்.

வைத்துவிட்டுத் திரும்பினால் நோட்டு மேடம் நின்றுகொண்டிருந்தாள், மேலங்கி, தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு. தொப்பி மட்டும் பின்பக்கம் முன்னால் வந்திருந்தது.

"யாரையும் கேக்காம வந்துட்டேன். திட்டணும்னா அப்புறம் திட்டுங்க. முதல்ல நான் இதைப் பார்க்கணும்."

"பாருங்க," என்றாள் பெரியவள். குரலில் ஈரமே இல்லை.

நோட்டு மேடம் இருபது நிமிஷம் அங்கேயே நின்றாள். வண்டி வருவதை, வெள்ளைப் பை பிரிவதை, பச்சை அறுவைத் துணி ஒருபக்கமும் விரிப்பு ஒருபக்கமும் பறப்பதை, சிவப்புப் பையின் உள்பை முடிச்சோடு இயந்திரத்துக்குள் போவதைப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். பிறகு அந்தப் பக்கத்தைத் தானே குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

"நாங்க கட்டினது தப்பு. எல்லாப் பையும் பிரிக்கறதுன்னு நினைச்சுக் கட்டியிருக்கோம்."

"நினைச்சா எப்படிங்க? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? எட்டு வாரம் இருந்துச்சே."

"கேட்டோம்." நோட்டு மேடம் முகமூடிக்கு மேலே கண்ணைத் தூக்கிப் பார்த்தாள். "மூணு தடவை கடிதம் போட்டோம். அழுக்குப் பக்கத்தை ஒருநாள் முழுக்கப் பார்க்கணும், அங்க வேலை செய்யறவங்ககிட்ட பேசணும்னு. மூணு தடவையும் தேவையில்லைன்னு பதில் வந்துச்சு. மாப்பிள்ளை சார் முகவரியிலேருந்து. அச்சடிச்சு வச்சிருக்கேன்."

பெரியவள் கைவண்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க நிறுத்தியிருக்கணும்."

"நிறுத்தியிருக்கணும். அது எங்க தப்பு, அதை நான் எங்க ஆபீஸ்ல எழுதிக் குடுப்பேன்." கொஞ்சம் யோசித்து, சொல்லத்தான் வேண்டுமா என்று தயங்குகிறவள் போல மேலே சொன்னாள். "ஒண்ணு சொல்லட்டுமா? தலைமைக்கு ஒருத்தரைப் போடறப்ப எல்லா இடத்துலயும் யாருக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னுதான் தேடறாங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச நாப்பது பேர் எங்ககிட்டயே இருக்காங்க. உங்க பக்கத்துல எங்களுக்கு வேண்டியது, நாங்க படம் போட்டுக் காட்டறப்ப, 'இது இங்க இப்படி நடக்காது'ன்னு குறுக்க விழுந்து சொல்ற ஆள். திங்கக்கிழமை திங்கக்கிழமை கூட்டம் போட்டோம். ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கல. அவ்வளவு திருப்தியா இருக்காங்கன்னு நினைச்சேன்."

"திருப்தி இல்லைங்க, மரியாதை. மாப்பிள்ளை பேசறப்ப எங்க வீட்டுல யாரும் குறுக்க பேச மாட்டோம்."

"நீங்க இருந்தீங்களா அந்தக் கூட்டத்துல?"

"எட்டுலயும் இருந்தேன். டீ கொண்டு வரச் சொன்னாங்க, கொண்டு வந்தேன்."

நோட்டு மேடம் எதையோ எழுதப் போய், எழுதாமல் நோட்டை மூடினாள்.

மாலை ஐந்தரைக்கு அப்பாவின் அறையில் நால்வர் இருந்தார்கள். அப்பா மேஜைக்குப் பின்னால். மாப்பிள்ளை எதிர் நாற்காலியில், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு. எட்டு மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு வந்தவர், இந்தத் திட்டம் கைக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். இன்று மறுபடி கூன் விழுந்திருந்தது. சின்னவள் ஜன்னலோரம். பெரியவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

மேஜைமேல் ஒரு படிவம். ஊழியருக்குக் காயம்பட்டால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை. என்ன நடந்தது, எந்த முடிவால் நடந்தது, அதை எடுத்தவர் யார் என்று மூன்று இடங்கள். அடியில் இரண்டு கையெழுத்து, சுவரின் இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. முதலிரண்டு இடங்களையும் யாரோ அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார்கள்.

பெரியவள் குனிந்து சத்தமாகப் படித்தாள். "பணியாளர் விதிமுறையை மீறி, கவனக்குறைவாகத் தடைசெய்யப்பட்ட பையைப் பிரித்ததால் காயம் ஏற்பட்டது." நிமிர்ந்தாள். "யார் எழுதினது இது?"

"நான் சொன்னேன், மாப்பிள்ளை எழுதினார்," என்றார் அப்பா. "வஸ்தாதுக்கு நம்ம குறை வைக்கப் போறதில்ல. மருந்து, சம்பளம், லீவு, எல்லாம் பாத்துக்கலாம். காகிதத்துல மட்டும் இப்படி இருக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரி கேட்டா என்ன சொல்றது? எங்க புதுத் திட்டம்தான் பையைப் பிரிக்கச் சொல்லிச்சுன்னா? மாப்பிள்ளை பேர் என்ன ஆகும்? அவர் பேர் போச்சுன்னா உன் தங்கச்சி தலை நிமிர்ந்து நடப்பாளா?"

"வஸ்தாது அண்ணன் விதியை மீறலப்பா. விதியைச் சொன்னார். இன்டர்காம்ல கூப்பிட்டுச் சொன்னார், எண்ணக் கூடாதுன்னு. படிக்காத மனுஷன் சொன்னது சரி. படிச்சவர் சொன்னதைக் கேட்டு விரலைக் குடுத்துட்டு நிக்கிறார். அவர் பேர் போனா பரவாயில்லையா? அவருக்கு வீடு இல்லையா, பொண்டாட்டி பிள்ளை இல்லையா?"

"குரலைத் தாழ்த்திப் பேசு."

"தாழ்த்தித்தானேப்பா ஒன்பது வாரம் பேசினேன்."

மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். "அண்ணி, நான் வேணும்னு பண்ணல. சிவப்புப் பைன்னா என்னன்னே எனக்கு..." முடிக்காமல் விட்டார்.

அப்பா மேஜை இழுப்பறையைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். அதை வெளியே எடுத்ததும் அவர் குரல் மாறியது, வீட்டுக் குரலாயிற்று.

"இங்க பாரும்மா. நான் முட்டாள் இல்ல. தப்புப் பண்ணிட்டேன்னு புரியுது. நாளையிலேருந்து இந்தத் திட்டத்துக்கு நீதான் தலைமை. எழுதிட்டேன், கையெழுத்தும் போட்டுட்டேன். மாப்பிள்ளையும் சரின்னுட்டார். நீ எப்படி மாத்தச் சொல்றியோ அப்படி மாத்திடலாம். நோட்டு மேடம் உன்கிட்டதான் வந்து நிப்பா. அந்தப் படிவத்துல மட்டும் ஒரு கையெழுத்துப் போடு."

இப்படி ஒரு கதவு திறக்கும் என்று பெரியவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு நொடி அவளுக்குள் எல்லாம் ஓடியது. சிவப்புப் பையை எண்ண வேண்டாம், எடை போட்டால் போதும். தராசை நேரே திரையோடு இணைத்துவிடலாம். எண்ணிக்கையைச் சுத்தப் பக்கத்தில் பதியலாம். ஒரு பையைக் கணினி புரிந்துகொள்ளாவிட்டால் மற்ற இயந்திரங்களை ஏன் நிறுத்த வேண்டும்? ஒவ்வொரு திரையும் அவள் கண்ணுக்குள் வரைந்து முடிந்திருந்தது. ஒன்பது வாரமாக, பஸ்ஸில், படுக்கையில், டீ ஆற்றும்போது, அவள் வரைந்துகொண்டேதான் இருந்தாள். இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டால் நாளை முதல் அழுக்குப் பக்கத்தில் யார் கையிலும் ஊசி ஏறாது. எடுக்காவிட்டால், மாப்பிள்ளைக்கு அடுத்து அப்பா யாரைக் கொண்டு வந்து உட்கார வைப்பாரோ.

விலை ஒரு கையெழுத்து. அதுவும் ஆட்டோவில் பேத்தியின் தட்டைப் பற்றிப் பேசிய மனிதனுக்கு எதிராக.

"பேனா குடுங்க," என்றாள்.

அப்பாவின் தோள் தளர்ந்தது. பேனாவைக் கொடுத்தார்.

பெரியவள் முதல் வரியில் 'கவனக்குறைவாக' என்ற சொல்லின்மேல் ஒரு கோடு போட்டாள். பிறகு முழு வரியின்மேலும் போட்டாள். கீழே, அவசரமில்லாமல், எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தாள்.

"எண்ணாமல் இயந்திரம் ஓடாது என்று திட்டம் அமைக்கப்பட்டிருந்ததால், பையைப் பிரித்து எண்ணும்படி பணியாளருக்கு உத்தரவிடப்பட்டது. முடிவு எடுத்தவர்கள். ஒண்ணு, வண்டி இறங்கற நேரத்துல போட்டோவுக்கு நிக்க இடத்தை விட்டுப் போன அழுக்குப் பக்கப் பொறுப்பாளர்." தன் பெயரை எழுதினாள்.

"உன் பேரை ஏண்டி எழுதற?" என்றார் அப்பா.

"போனேனே. யார் கூப்பிட்டாலும் போயிருக்கக் கூடாது." அடுத்த வரிக்கு இறங்கினாள். "ரெண்டு, பிரிச்சு எண்ணச் சொன்னவர். மாப்பிள்ளை, அது நீங்க."

"ஆமா அண்ணி. எழுதுங்க."

அவள் அந்தப் பெயரையும் எழுதினாள். "அடுத்தது இன்னும் பெரிசு. மூணு தடவை கேட்டிருக்காங்க, அழுக்குப் பக்கத்தைக் காட்டுங்கன்னு. மூணு தடவையும் தேவையில்லைன்னு உங்ககிட்டேருந்து பதில் போயிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. ஒரே ஒரு நாள் அந்தப் பொண்ணு அங்க வந்து நின்னிருந்தா இன்னைக்கு இந்தப் படிவமே இல்ல. ஏன் மாப்பிள்ளை?"

மாப்பிள்ளையின் முகத்தில் முதலில் வந்தது குழப்பம். அது அசலானது, யாரும் அப்படி நடிக்க முடியாது. பிறகு அவர் கண் மெதுவாக ஜன்னல் பக்கம் போய், அங்கே ஒரு கணம் நின்று, திரும்பியது.

"நான்தான் எழுதினேன்," என்றார். "என் பேரையே போட்டுக்கோங்க."

பேனா முனை காகிதத்தைத் தொட்டது.

"அவர் எழுதல," என்றாள் சின்னவள்.

அவள் ஜன்னலைவிட்டு நகர்ந்து மேஜைக்கு வந்தாள். காலையில் போட்டோவுக்காகப் போட்டிருந்த பவுடர் வியர்வையில் திட்டுத் திட்டாக இருந்தது.

"அப்படி ஒரு கடிதம் வந்ததே அவருக்குத் தெரியாதுக்கா. கடிதம் எல்லாம் நீயே பாத்துப் பதில் போட்டுடுன்னு எங்கிட்ட குடுத்திருந்தார். அந்த மூணும் நான் எழுதினது."

சுவருக்கு அப்பால் ஒரு இயந்திரம் வேகம் குறைந்து நின்றது கேட்டது. பகல் முழுக்கப் பெரியவளின் கோபத்துக்கு ஒரு முகம் இருந்தது. அது இப்போது வேறு முகமாக மாறி, ஒரே படுக்கையில் பதினெட்டு வருஷம் பக்கத்தில் தூங்கிய முகமாக, எதிரே நின்றது. கோபம் குறையும் என்று அவள் ஒரு நிமிஷம் காத்துப் பார்த்தாள். குறையவில்லை.

"நீயா? என் பக்கத்துல என்ன வேலை நடக்குதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

சின்னவள் வாயைத் திறந்தாள்.

"சின்னவளே," என்றார் அப்பா. "நீ வெளியே போ. இதை நானும் பெரியவளும் பேசி முடிச்சுக்கறோம்."

சின்னவள் போகவில்லை. கையை நீட்டிப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அக்காவின் விரலிடுக்கிலிருந்து பேனாவை உருவி, மூன்றாவது வரியில் தன் பெயரைத் தானே எழுதினாள். அடியில், சுத்தப் பக்கத்துக்கான இடத்தில், கையெழுத்தும் போட்டாள். அப்பாவின் பக்கம் திரும்பாமல், அக்காவைப் பார்த்துச் சொன்னாள்:

"முதல் கடிதம் வந்தப்பவே நான் அதை எடுத்துக்கிட்டு இந்த ரூமுக்குத்தான்க்கா வந்தேன். என்ன பதில் போடறதுன்னு அப்பாகிட்டதான் கேட்டேன்."

"போதும்," என்றார் அப்பா. "இதுல யாராவது இன்னும் ஒரு எழுத்து எழுதினா, தலைமை இந்த வீட்டுல யாருக்கும் கிடையாது. வெளியிலேருந்து ஆளைக் கொண்டு வந்து போடறேன்."

பெரியவள் படிவத்தைத் திருப்பி, அவருக்கு நேராக வரும்படி வைத்தாள். மூன்று பெயருக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருந்தது. பேனாவை மூடியில்லாமல் அவர் பக்கம் நீட்டினாள்.

"எழுதுங்கப்பா," என்றாள். "இந்த வரி எங்க யாருதும் இல்ல."